எண்ணாத குஞ்சுகள்

கோழி வளர்ப்பவனுக்குக் கடிதம் வருவது பெரிய விஷயமில்லை. முட்டை கேட்டு வரும், சேவல் கேட்டு வரும். போன கண்காட்சியில் பரிசு வாங்கிய சேவலுக்கு நான் வாலில் இரவல் இறகு செருகினேன் என்று திட்டி, பெயர் போடாமலும் வரும். அது யார் எழுதியது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும் எனக்குத் தெரியும் என்று. ஆனால் பெவரில் ஐயாவின் முதல் கடிதம் அந்த வகை இல்லை. தெற்கே டோர்செட்டிலிருந்து, தடித்த காகிதத்தில், முத்து முத்தான கையெழுத்தில் பதினோரு கேள்விகள்.

நான் ஜாபெஸ் கிரெக்சன். வடக்கே ஆஷ்கில் என்ற ஆலை ஊரில் கட்டைச் செருப்பு செய்கிறவன். விடிந்ததும் ஆலைக்கு ஓடும் பெண்கள் தெருவையே அதிர வைக்கிறார்களே, அந்தச் சத்தத்தில் பாதி என் கைவேலை. மீதி நேரமெல்லாம் கோழிதான். எங்கள் பக்கத்து நிலாக்கோழி, வெள்ளி இறகில் வட்ட வட்டமாகக் கறுப்புப் பொட்டு வைத்தது. அதில் என் சேவலை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மதுக்கடைக் கண்காட்சிகளில் பரிசாக வாங்கிய செப்புக் கெண்டிகள் எங்கள் அடுப்படியில் ஐந்து தொங்குகின்றன. தண்ணீர் சுட வைப்பதற்கு என் மனைவி கெசையா ஆறாவதாக ஒரு தகரக் கெண்டி வைத்திருக்கிறாள். பரிசுக் கெண்டியை அடுப்பில் ஏற்ற நான் விடுவதில்லை.

பெவரில் ஐயா கோழியை வளர்ப்பவர் இல்லை, ஆராய்கிறவர். தாய் தகப்பனின் நிறம் பிள்ளைக்கு எப்படி வருகிறது, எது தவறுகிறது, எது தாத்தாவிடமிருந்து திரும்பி வருகிறது என்று நாடு முழுக்கக் கோழிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோழிப் பத்திரிகையில் என் பெயரைப் பார்த்தாராம். கடிதத்தின் அடியில் ஒரு வேண்டுகோள் இருந்தது: "எண்ணிப் பார்க்காத எதையும் தயவுசெய்து எழுத வேண்டாம். 'நிறைய', 'கொஞ்சம்' என்பவை எனக்குப் பயன்படா. எண் வேண்டும்."

எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நானும் எண்ணுகிற ஆள். பொரித்த குஞ்சுக்கு ஒரு நோட்டே வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது கேள்வி இது: அண்ணன் தங்கை, தகப்பன் மகள் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே தொடர்ந்து இணை சேர்த்ததில், குஞ்சுகளிடம் பலவீனமோ ஊனமோ கண்டீர்களா? கண்டால் எத்தனைக்கு எத்தனை?

நான் நோட்டைப் புரட்டிப் பார்த்து எழுதினேன். "ஒன்பது வருடமாக என் கோழிகளில் வெளி இரத்தம் ஒரு துளி சேர்க்கவில்லை. போன வருடக் குஞ்சுகள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் திடம்."

அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்குள் ஏழு கடிதங்கள் போய் வந்தன. பொட்டின் அளவு, கொண்டையின் முள், காலின் நிறம் என்று எது எதையோ கேட்டார். ஆனால் அந்த ஐந்தாவது கேள்வியை மட்டும் ஆளை மாற்றி, உடையை மாற்றி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் அதையே சொன்னேன்.

"என்னய்யா, அந்த மனுசனுக்குக் காது மந்தமா?" என்றாள் கெசையா.

"கடுதாசிக்கு எதுக்குடி காது? பெரிய படிப்பாளி. ஒண்ணை நாலு தரம் கேட்டாத்தான் நம்புவாரு."

"நீ எனக்கு ஒரு தரம்கூட பதில் சொல்லமாட்டே. அவருக்கு மட்டும் நாலு தரமா?"

பிப்ரவரியில் எட்டாவது கடிதம் வந்தது. கையெழுத்து வேறு. கோடு கோணி, வரி மேலே ஏறி இறங்கியது. காலைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கெசையாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் வழக்கம்போல உரக்கப் படித்தேன்.

"அன்புள்ள கிரெக்சன் அவர்களே, என் கண்பார்வை சரியில்லாததால் இதுவரை வந்த கடிதங்களை நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் மகள் சிசிலி. இதை மட்டும் அவளுக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன். அவளும் அவளுடைய தாய்மாமன் மகன் ஹியூவும் சிறுவயது முதலே ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். என் மனைவியும் எனக்கு நெருங்கிய உறவுதான். இரண்டு தலைமுறை இப்படிச் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எங்கள் வைத்தியர் இரண்டு வருடமாகத் தடுத்தார். நானும் பயந்து தடுத்தேன். பன்னிரண்டு பேருக்கு எழுதிக் கேட்டேன். பலரும் மழுப்பினார்கள். எண் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். நேற்று என் மகளுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டேன். கோழியை வைத்து மனிதரைத் தீர்மானிப்பதா என்று நீங்கள் நினைக்கலாம். வேறு எதை வைத்துத் தீர்மானிப்பது என்று எனக்குத் தெரியவில்லை."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, ஐந்து கெண்டி வாங்கியபோதுகூட இப்படி நிமிர்ந்ததில்லை. "கேட்டியா? டோர்செட்ல ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தை நம்ம கோழி முடிச்சு வெச்சிருக்கு!"

கெசையா கஞ்சி கிண்டுவதை நிறுத்திவிட்டாள். "வாளியில போட்டதை எழுதினியா?"

"எந்த வாளி?"

"என்ன எந்த வாளி? மூணாம் நாளு வாளி."

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் குஞ்சு பொரித்தால் உடனே எண்ண மாட்டோம். மூன்றாம் நாள் வீட்டுப் பெண் கூட்டின் முன்னால் ஒரு வாளித் தண்ணீரோடு உட்காருவாள். விரல் கோணியது, கழுத்து நிற்காதது, நடக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவது எல்லாம் வாளிக்குள் போகும். ஆண்கள் அந்த நேரம் பட்டறையில் இருப்போம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு எண்ணைச் சொல்வாள். அதுதான் நோட்டில் ஏறும். என் தகப்பன் இப்படித்தான் செய்தான், இந்தத் தெருவில் எல்லாரும் இப்படித்தான். மூன்றாம் நாளைத் தாண்டியதுதான் எங்களுக்குக் குஞ்சு. அதற்கு முன்னால் செத்தது முட்டைக் கணக்கு. மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. மறைக்க அங்கே ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

"எல்லாரும் செய்யறதுதானே?" என்றேன்.

"எல்லாரும் செய்யறாங்க. எல்லாரும் நாப்பத்தொண்ணுக்கு நாப்பத்தொண்ணுன்னு ஒரு பொண்ணோட அப்பனுக்கு எழுதிப் போடல."

"எத்தனை போட்டே?"

"யாரு எண்ணினா? நீ கேட்டியா?"

"சும்மா தோராயமா சொல்லு."

"நிறைய," என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "வருசா வருசம் கூடிக்கிட்டேதான்யா வருது. சொன்னா உனக்குக் கோவம் வரும்னு சொல்லல," என்றாள்.

கோபம்தான் வந்தது. அவள் மேல், வைத்தியர் மேல், கோழியைப் பார்த்துக் கல்யாணம் பண்ணுகிற அந்தப் பெரிய மனிதர் மேல். கஞ்சியைத் தொடாமல் பட்டறைக்குப் போய், செருப்புக்கென்று வைத்திருந்த ஒரு நல்ல ஆல்டர் மரக்கட்டையை இரண்டு துண்டாகக் கெடுத்தேன்.

அன்றைக்கே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். "நான் சொன்னது தப்பு, பொறுங்கள்" என்று. கெசையா அதைத்தான் சொன்னாள். ஒரு தடவை இல்லை, நாளுக்கு நாலு தடவை.

"ஒரே ஒரு வரி எழுதுய்யா. உன் கை தேஞ்சா போயிரும்?"

"என்னன்னு எழுதறது? நிறைய செத்துச்சுன்னா? அந்த வார்த்தையே அவருக்கு ஆகாது. மத்த பதினோரு பேரு அப்படி எழுதினதைத்தான் குப்பையில போட்டாரு. எண் வேணும்."

"எண்ணுக்கு எங்கே போவே?"

"அடை வைக்கிறேன். பொரிக்கட்டும். ஒண்ணு விடாம எண்ணி எழுதறேன்."

"மூணு வாரமாகும்!"

"ஆகட்டுமே. பெரிய வீட்டுக் கல்யாணம்லாம் நம்மள மாதிரி சனிக்கிழமை கேட்டு ஞாயித்துக்கிழமை முடிக்கிறதா? துணி தைக்கவே ஆறு மாசம் ஆகும்."

"நீ எத்தனை பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கே?"

எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. பொய் சொன்னவன் என்று பெயர் வந்தாலும், எண்ணத் தெரியாதவன் என்று வரக்கூடாது என்று இருந்தது. வேடிக்கையாக இருக்கிறதா? எனக்கு இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு அடைக்கோழிகளின் கீழ் பதின்மூன்று பதின்மூன்றாக இருபத்தாறு முட்டை வைத்தேன். கோழிக்கு அவசரமென்றால் தெரியாது. அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது, நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் ஏழு கூமுட்டை. இருபத்தொன்றாம் நாள் பொரித்தது. ஐந்து, ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. வெளியே வந்தவை பதினான்கு.

மூன்றாம் நாள் கெசையா வாளியோடு உட்கார்ந்தபோது முதல் தடவையாக நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். பார்க்கக்கூட இல்லை, கையே சொல்லிவிட்டது. நானும் வாங்கிப் பார்த்தேன். நன்றாக இருப்பது கையை எட்டி உதைக்கும். ஆகாதது கைக்குள் வழியும், கழுத்து ஒரு பக்கம் சாயும். ஆனால் அதுவும் கத்தும். அந்தச் சத்தம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

ஆறு போயின. எட்டு நின்றன.

மற்ற வருடமாக இருந்தால் 'எட்டு, எட்டும் திடம்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அன்றைக்கு இருபத்தாறு, ஏழு, ஐந்து, ஆறு என்று எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் ஊர் மூன்றாம் நாள் வழக்கத்தை எழுதினேன். நான் முன்பு கொடுத்த எண் எதுவும் செல்லாது என்று எழுதினேன். திருமணத்தை நிறுத்துங்கள் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். தபால் வண்டி புறப்படும் முன் ஓடிப்போய் என் கையாலேயே கொடுத்தேன். முட்டை வைத்த நாளிலிருந்து அது இருபத்துநாலாம் நாள்.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. அதே கோணல் எழுத்து.

"உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. திருமணம் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நடந்தது. இரண்டு வருடம் காத்திருந்தவர்களை மேலும் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பிழை என் கேள்வியில்தான். 'குஞ்சுகள் எத்தனை' என்று கேட்டேன். 'ஓட்டை உடைத்து வந்தவை எத்தனை' என்று கேட்டிருக்க வேண்டும். சிசிலி ஊரில் இல்லாததால் உங்கள் கடிதத்தை நான் மட்டுமே படித்தேன். எரித்துவிட்டேன். அவளுக்கு இது தெரிய வேண்டாம். இதைப் பற்றி நாம் இனி எழுதிக்கொள்ளவும் வேண்டாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாரே, அதற்கு நான் என்ன செய்வேன்? கெசையாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அதைச் சொல்லாமல் கூட்டைக் கழுவப் போய்விட்டாள். அந்த வசந்தத்திலேயே பக்கத்து ஊரிலிருந்து வேறு இரத்தத்துச் சேவல் ஒன்று வாங்கி என் கோழிகளோடு விட்டேன். பொட்டெல்லாம் கலங்கிப்போய், இரண்டு வருடம் எந்தக் கண்காட்சிக்கும் போக முடியாதபடி ஆயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் எங்கள் தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. எங்கள் தெருவுக்கு வரும் வண்டி நிலக்கரி வண்டிதான், அதனால் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. முதலில் ஒரு வயதானவர் கைத்தடியைத் தட்டித் தட்டி இறங்கினார். பின்னால் ஒரு பெண், கையில் குழந்தையோடு. ஏரிகளைப் பார்க்க வடக்கே போகிறார்களாம். வழியில் என்னைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாளாம்.

"நான்தான் சிசிலி," என்றாள். "உங்களுக்கு என்னைத் தெரியாது, ஆனா எனக்கு உங்களை நல்லாத் தெரியும் மிஸ்டர் கிரெக்சன். அத்தனை கடிதமும் எழுதினது நான்தானே! அந்த அஞ்சாவது கேள்வியை எனக்காகத்தான் கேட்கறாருன்னு எழுதும்போதே தெரிஞ்சுது. உங்க பதில் வந்தப்போ, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுறதுக்கு முன்னாடி மாடிப்படியில உட்கார்ந்து நானே மூணு தடவை படிச்சேன். அழுதுட்டேன். உங்க கோழிங்களை ஒருநாள் நேர்ல பார்த்துக் கும்பிடணும்னு ஹியூகிட்ட சொல்லிட்டே இருப்பேன்."

நல்ல பெண். சிரித்த முகம். கலங்கிப்போன என் கோழிகளைப் பார்த்து "எவ்வளவு அழகு!" என்றாள். பெவரில் ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று சொல்லலாம். அப்படி இல்லை.

அடுப்படியில் உட்கார வைத்தோம். கெசையா டீ போட்டாள். எனக்குத் தெரியாமலே ஒரு செப்புக் கெண்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

"இவனுக்கு அஞ்சு மாசம் முடியப்போகுது," என்றாள் சிசிலி, குழந்தையின் தொப்பியைக் கழற்றிக்கொண்டே. "கொஞ்சம் மெதுவா வளர்றான், அவ்வளவுதான். அந்த வைத்தியர் இருக்காரே, ஒவ்வொரு தடவையும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். ஒண்ணும் சொல்லமாட்டார். ஹியூ அதைப் பார்த்துப் பார்த்துத் தூங்கறதே இல்லை. நீங்க எத்தனை ஆயிரம் குஞ்சு பார்த்த கை! இவனைத் தூக்கிப் பார்த்துச் சொல்லுங்க."

"சிசிலி," என்றார் பெவரில் ஐயா. "அவர் கோழிக்காரர்மா."

"அந்த வைத்தியரைவிட அன்னைக்கு இவர் சொன்னதுதானேப்பா சரியா இருந்துச்சு?"

 அவர் தன் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. குழந்தையைத் தூக்கி எனக்குப் பழக்கமில்லை. அவள் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தான். ஆனால் தலை பின்னால் போயிற்று. தாங்கிப் பிடித்தேன். கால் இரண்டும் என் முழங்கை மேல் நனைந்த துணிபோலக் கிடந்தன. கண்ணுக்கு நேரே விரலை அசைத்தேன், கண் வரவில்லை. வேண்டாம், தெரிந்துகொள்ளாதே என்று என் கைக்கு நான் சொல்லிப் பார்த்தேன். அது எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டது. பிள்ளை என்னைப் பார்க்காமல், எதையும் பார்க்காமல், மெல்லச் சிணுங்கினான்.

டீக் கோப்பையோடு வந்த கெசையா பாதியிலேயே நின்றுவிட்டாள். அவள் கண் என் கையில் சாய்ந்து கிடந்த அந்தத் தலை மேலேயே இருந்தது.

"சொல்லுங்க, எப்படி இருக்கான்?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? நடந்த கல்யாணம் நடக்காததாகுமா? பிறந்தவனைத் திருப்பி அனுப்ப முடியுமா? அவளுடைய அப்பாவை அவள் அதன்பிறகு என்ன முகத்தோடு பார்ப்பாள்? சொல்ல வேண்டிய நேரத்தில் நான் முட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது என்னிடம் எண்ணும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நல்ல கனமா இருக்கான்மா," என்றேன்.

"அப்படின்னா?"

"திடமா இருக்கான். சிலது கொஞ்சம் லேட்டாத்தான் எழும்பும். வளர்ந்துருவான்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அப்பா, கேட்டீங்களா!" என்றாள். பிறகு என் பக்கம் குனிந்து, "இதை எழுதித் தருவீங்களா? வீட்டுக்குப் போய் நான் வாயால சொன்னா ஹியூ நம்பமாட்டார். உங்க எழுத்துன்னா நம்புவார். அந்தக் கடிதத்தை இன்னும் பெட்டியில பத்திரமா வெச்சிருக்கார்," என்றாள்.

நான் பெவரில் ஐயாவைப் பார்த்தேன். அவர் எரித்தது உண்மை சொன்ன என் கடைசிக் கடிதத்தை மட்டும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கிரெக்சன், உங்களுக்கு இஷ்டமில்லைன்னா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதை நான் முடிப்பேன் என்று காத்திருந்தார் போல.

குழந்தையைக் கெசையா வாங்கிக்கொண்டாள். தலைக்கு அடியில் கை கொடுத்து, சரியாகப் பிடித்தாள். நான் மேசையில் இடம் ஒதுக்கிக் காகிதம் வைத்து உட்கார்ந்தேன். ஹியூ அவர்களுக்கு, உங்கள் மகனை இன்று என் கையில் தூக்கிப் பார்த்தேன், அவனிடம் ஒரு குறையும் காணவில்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேராக நான் எழுதியதில்லை. கீழே முழுப் பெயரையும் போட்டேன்.

சிசிலி அதை எடுத்து மை காய ஊதினாள். ஒரு தடவை தனக்குள் படித்தாள். பிறகு கெசையாவின் கையிலிருந்த பிள்ளையின் காதருகே போய் உரக்கப் படித்துவிட்டு, "கேட்டியாடா கண்ணு? உனக்கு ஒண்ணுமே இல்லையாம்!" என்றாள்.

பிள்ளை குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. கெசையாவும் பெவரில் ஐயாவும் நானும் அவன் திரும்புவான் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.